கல்லில் வெட்டிய தேதி

மார்ச் 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய். அதனால் அதைக் கேட்கவில்லை. உன் கண் நலமா என்று மட்டும் கேட்கிறேன்.

ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். அதுவும் நல்லதுக்குத்தான். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அன்றைக்கு நான் சாப்பிடாமல் கிளம்பியது தப்பு. நீ தைத்துக் கொடுத்த சட்டையைப் பார்த்துச் சிரித்ததும் தப்பு. ஆனால் நீயே சொல்லக்கா. ஊரில் பாதிப் பேருக்குத் தைத்துப் போட்ட கை உன்னுடையது. அந்தச் சட்டையில் இரண்டு பக்கமும் காஜா எடுத்து வைத்திருந்தாய், பட்டன் ஒன்றுகூட இல்லை. "பட்டனை எங்கக்கா வைக்கிறது?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஊசியில் நூல் கோக்க எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாய். தெருமுனையில் எதிரே வந்த என்னையே யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாய். இது கண்புரை. எடுத்துவிட்டால் சரியாகிவிடும். விட்டால் இந்த வருடமே மெஷின்மேல் துணியைப் போட்டு மூட வேண்டியதுதான். மெஷின் முன்னால் உட்காராத உன்னை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

புது அரசு மருத்துவமனைக்குப் போ என்றுதான் சொன்னேன். அதற்கு நீ என்ன சொன்னாய்? "பொய்யைக் கல்லுல வெட்டிச் சாப்பிடுறவன் எனக்குப் புத்தி சொல்றியா?" என்றாய். ஏற்கெனவே மூன்று முறை, மூன்று அரசாங்கத்துக்கு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலி மனைக்காக அடிக்கல் வெட்டிக் கொடுத்தவன் நான்தான். "எல்லாருக்கும் எல்லா மருத்துவமும்" என்று மூன்றிலும் வெட்டினேன். கல் போனது, கட்டடம் வரவில்லை. இல்லை என்று சொல்லவில்லை.

இந்த முறை கட்டடமே வந்துவிட்டதே! அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, தொழிலில் இருப்பவனுக்குத்தான் அது தெரியும். திறப்பு விழாக் கல்லில் தேதிக்கு இடம் விட்டுத்தான் வெட்டுவோம். பெரிய மனிதர் வரும் நாள் எப்போதும் மாறும். அதனால் கடைசி நேரத்தில் பெயின்ட்டால் எழுதிக்கொள்வார்கள், மாறினால் துடைத்துக்கொள்வார்கள். இந்தக் கல்லுக்கு மட்டும்தான் தேதியையும் உளியால் வெட்டச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. மே ஒன்று. என் அனுபவத்தில் இதுதான் முதல் தடவை. கல்லில் வெட்டச் சொல்கிறவன் விளையாட்டுக்குச் சொல்லமாட்டான். டாக்டர்கள் விழாவுக்கு முன்பே வந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்களாம்.

போய்க் காட்டு அக்கா.

உன் தம்பி


மார்ச் 12

உளிக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். எப்படிப் படித்தாய் என்று கேட்காதே, படித்தேன். என் வரிகள் மேலே மேலே ஏறிப் போவதாக உனக்குத் தோன்றினால் தாள் கோணல் என்று வைத்துக்கொள்.

தேதியை வெட்டச் சொன்னார்களாம், இவனுக்கு வானத்தைப் பிளந்து தெய்வம் இறங்கிவிட்டது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கல்லுச் சுரைக்காய் மட்டும் உதவுமா? பல்தான் உடையும். நீ வெட்டிய முதல் கல் என் வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. இரண்டாவது, மருந்துக்கடைக்கு வாசற்படி. மூன்றாவதில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்கிறார்கள். அரசாங்கம் நமக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் என்றைக்காவது சொன்னேனா?

கட்டடம் வந்துவிட்டதுதான். கட்டடமா ஊசி போடும்? இன்னும் ஒரு மழைக்குள் அதைக் கிடங்காக்கி, மூட்டை அடுக்கி, பூட்டுப் போட்டுவிடுவார்கள். தெருவில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பஞ்சர் ஒட்டுகிற அண்ணன் சொன்னார்: "உள்ள போறப்ப இலவசம்மா. வெளிய வர்றப்பதான் கணக்கு சொல்லுவாங்க." மருந்துக்கடை அண்ணன், இலவச மாத்திரை எல்லாம் சுண்ணாம்புக் கட்டி என்கிறார். அவர் கடை அவருக்கு, அவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் அவர் சொல்வது பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்த சமயம் நம் கையில் ஒரு நீல அட்டை இருந்தது. எந்த வியாதிக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் காட்டலாம் என்று வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அதுதான். அதை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். கவுண்டரில் இருந்தவன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். "படுக்கை இலவசம்மா, டாக்டர் இலவசம், சாப்பாடுகூட இலவசம். எலும்புக்குள்ள வைக்கிற கம்பி மட்டும் இந்த அட்டையில வராது." இடுப்பு உடைந்தவளுக்குக் கம்பி இல்லாமல் மற்றதெல்லாம் எதற்கு? அம்மா அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. நீ அப்போது எங்கேயோ கல் வெட்டிக்கொண்டிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தக் கவுண்டரில் நின்றது நான். அந்த அட்டை இன்னும் இருக்கிறது. காலருக்குக் கோடு போட அளவாக இருப்பதால் கத்தரிக்கோல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது மங்கலாகவாவது தெரிகிறது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழல் தெரிகிறது. போய், இருப்பதும் போய்விட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறதடா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படித்துவிட்டு வீட்டில் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "உங்க அக்கா திட்டுறது கடுதாசியிலகூடக் காதுல கேக்குது" என்றாள்.

அம்மா பக்கத்தில் நான் இல்லாதது தப்புதான். அந்தக் கம்பிக் கதையை நீ இவ்வளவு விவரமாக என்னிடம் சொன்னதே இல்லை. படித்த பிறகு அன்று முழுக்க உளியைத் தொடவில்லை.

ஆனால் ஒரு வருத்தத்தை நானும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் கல்லை வெட்டியபோது எனக்குத் தனிக் கடைகூட இல்லை. என் கையால் முழுதாக வெட்டிய முதல் கல் அது. ஒவ்வொரு எழுத்துக்கும் தங்க வண்ணம் தீட்டிவிட்டுத் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் குப்புறப் புரட்டி, முகத்தை மண்ணில் புதைத்து, முதுகில் அழுக்குத் துணியை அடித்துத் துவைக்கிறாய். ஒவ்வொரு முறை வரும்போதும் பார்க்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

சரி, அது கிடக்கட்டும். பணம் கட்டுகிற ஆஸ்பத்திரிக்கு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் "உன் பொண்ணு படிப்புல கை வைக்கவா?" என்கிறாய். இலவச ஆஸ்பத்திரி என்றால் கிடங்கு என்கிறாய். அப்படியானால் கண்ணைக் காட்டவே வேண்டாம். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வா. என்ன பார்ப்பது என்று நான் சொல்கிறேன். டாக்டரின் நாற்காலியைப் பார். எத்தனையோ அலுவலகத்துக்குப் பெயர்ப் பலகை மாட்டப் போயிருக்கிறேன். ஆள் வந்து உட்காருகிற நாற்காலியில் மெத்தை அமுங்கி, கைப்பிடி வழவழவென்று இருக்கும். ஆள் வராத நாற்காலி மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வைத்தது போல் விறைப்பாக நிற்கும். துணியைத் தொட்டுப் பார்த்தே வயதைச் சொல்கிறவள் நீ. நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுது.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

(இதை எழுதுவது மருந்துக்கடைக்காரன். உன் அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நீ அனுப்பியதைப் படித்துக் காட்டியதும் நான்தான். எழுத்து புரியாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. டாக்டர்கள் எழுதும் சீட்டைப் படித்துப் படித்து என் எழுத்தும் அப்படியாகிவிட்டது.)

அண்ணன் ஏதோ முன்னால் சேர்த்து எழுதுகிறார், பேனா ஓடுகிற சத்தம் கேட்கிறது. இருக்கட்டும். இனி என்னால் எழுத முடியாது தம்பி. போன கடிதத்தின் கடைசி இரண்டு வரியை ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியிருந்தேன் என்று அதை மடித்துத் தபாலில் போட்ட எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். நீ அதைச் சொல்லவே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயம் வந்தது.

ஆஸ்பத்திரி நடக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் போகவில்லை. ஊரே எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. "நீங்க முதல்ல போங்க", "இல்ல, உங்க இருமல்தான் பழசு, நீங்க போங்க" என்று ஒரே உபசாரம். கடைசியில் பஞ்சர் அண்ணனைத் தள்ளிவிட்டோம். அவருக்குப் பிடரியில் ஒரு கட்டி, தலையைத் திருப்ப முடியாமல் கிடந்தார். உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. தெருவே வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றது. கட்டுப் போட்டுக்கொண்டு, கையில் மாத்திரையோடு வந்தார்.

"எவ்வளவு கேட்டாங்க?"

"ஒன்னும் கேக்கல."

"அது எப்படி? ஏதாவது கேட்டிருப்பாங்களே?"

"ராத்திரி தூக்கம் வருதான்னு கேட்டாங்க."

அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பில் வீட்டுக்கு வரும் என்று சொல்லிவிட்டோம். பாவம், அவரும் நம்பி, தபால்காரர் வரும்போதெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் பரிசோதனைக்கு மருந்துக்கடைக்குக் கொண்டு வந்தார்கள்.

(மோந்து பார்த்தேன். ஓரத்தைக் கடித்தும் பார்த்தேன். என் கடையில் இருக்கும் அதே மாத்திரை, அதே கசப்பு. இதை என் கையாலேயே எழுத வைக்கிறாள் உன் அக்கா.)

அப்புறம் நாற்காலி. நீ சொன்னாயே என்று போனேன். கண் பிரிவில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயது. அவள் வெளியே போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்து நாற்காலியைத் தடவிப் பார்த்தேன். முறுமுறு என்றது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை! உறையைக் கழற்றாமல் வைத்திருப்பது யார்? திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"என்னம்மா பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல. நாற்காலியைப் பார்த்தேன்."

"நாற்காலிக்கு என்ன உடம்புக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறையைப் பற்றிக் கேட்டேன். வந்ததிலிருந்து நின்றுகொண்டே வேலையாம், உட்கார நேரமே வரவில்லை என்றாள். கூட்டமே இல்லாத ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டேன். பெட்டி பெட்டியாகச் சாமான் பிரித்து வைக்கிறாளாம். நான் தையல்காரி என்றதும், "அப்ப நல்லதாப் போச்சு, இந்த அறைக்குத் திரை தைக்கணும், துணி வந்து கிடக்குது" என்று பிடித்துக்கொண்டாள். அளவு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்த வேலையை விடுவானேன்?

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

"நாற்காலிக்கு என்ன உடம்புக்கு?" எங்கள் வீட்டில் இப்போது எதற்கெடுத்தாலும் இதுதான் கேள்வி. என் பெண் அடுப்பைப் பார்த்துக் கேட்கிறாள், குடையைப் பார்த்துக் கேட்கிறாள்.

கல் முடிந்துவிட்டது. நேற்று மெருகு போட்டேன். தேதியை மட்டும் கொஞ்சம் ஆழமாகவே வெட்டியிருக்கிறேன். ஆசையாக இருந்தது, வெட்டிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. திரைத் துணியை வெட்டும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா? நீ அளவு எடுக்கும்போது டேப்பை மூக்குக்குக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த டாக்டரம்மாவும் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருந்துக்கடை அண்ணனுக்கு என் வணக்கம். கடித்துப் பார்த்ததற்கு நன்றி.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

மானம் போய்விட்டது. அண்ணன், அப்படியே எழுதுங்கள்: மானம் போய்விட்டது.

(எழுதிவிட்டேன்.)

திரையைத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மாட்டிவிட்டார்கள். நர்ஸ் "நல்லா இருக்கும்மா" என்றாள். டாக்டரம்மா "நன்றிம்மா" என்றாள். நானும் தலை நிமிர்ந்து நடந்தேன். பஞ்சர் அண்ணன் கட்டு மாற்றப் போயிருக்கிறார், வந்து நடுத்தெருவில் சொல்கிறார்: "திரை யாரு தச்சது? ஒரு பக்கம் முழங்காலுக்கு நிக்குது, இன்னொரு பக்கம் தரையைக் கூட்டுது."

அப்படியே ஓடினேன். கையால் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். உண்மைதான். நான் தைத்ததிலேயே அப்படியொரு கோணல் கிடையாது. கழற்றப் போனேன், டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொங்கட்டும்மா."

"பிரிச்சுத் தச்சுத் தர்றேன்."

"தருவீங்க. கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு அப்புறம் தருவீங்க. அதுவரைக்கும் இங்கேயே தொங்கும். யார் தச்சதுன்னு கேட்டா சொல்லுவேன்."

"இது மிரட்டல்."

"ஆமா. இல்லன்னா வேற டெய்லரைக் கூப்பிடவா?"

வேறு டெய்லர்! என் ஊரில், நான் உயிரோடு இருக்கும்போது! இந்தப் பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்கள் என்று தெரியவில்லை.

நான் விடவில்லை, நேராகவே கேட்டேன். "எலும்புக்குக் கம்பி வராதுன்னு எங்கம்மாவுக்குச் சொன்னாங்க. கண்ணுக்கு என்னம்மா வராது? இப்பவே சொல்லிடு." கண்ணுக்குள் வைக்கிற லென்ஸும் இலவசத்தில் சேர்த்திதான், பெட்டியைத் திறந்து காட்டுகிறேன் என்று கொண்டு வந்து கையில் வைத்தாள். சரி, இந்த ஆஸ்பத்திரியை என்றைக்கு மூடுவீர்கள் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. இப்ப ஒரு பெட்டி லென்ஸ் வந்திருக்கு. அடுத்த பெட்டி எப்ப வரும்னு கேட்டு எழுதிக்கிட்டே இருக்கேன், பதில் வரல" என்றாள்.

அரசாங்கத்து வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். அம்மாவின் காலத்திலும் சரி, அதற்கு முன்னாலும் சரி, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

வெளியே வந்து லென்ஸ் ஒரு பெட்டிதான் இருக்கிறதாம் என்று வாய் தவறி எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஊர். இருமல், சொறி, மூட்டுவலி, சுளுக்கு, எல்லாம் வந்துவிட்டது. "மூடுறதுக்குள்ள காட்டிரணும்" என்கிறார்கள். நம்பி ஒருவரும் வரவில்லை. நம்பாமல்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. யோசிக்கிறேன். ஆனால் அந்தத் திரை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கண் தெரியாமலே நிற்கிறது பார்.

அக்கா

(தம்பி, கடை கொஞ்சம் காற்றாடுகிறது. பரவாயில்லை. எனக்கும் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல். அங்கே சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கிறார்களாம். என் வாடிக்கைக்காரர்கள் முன்னால் நான் எப்படி வரிசையில் நிற்பது என்றுதான் பார்க்கிறேன்.)


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

போகாதே.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்று கல்லை எடுத்துப் போக வண்டி வரும் என்று காத்திருந்தேன். வண்டி வரவில்லை, ஆர்டர் கொடுத்த அதிகாரி மட்டும் வந்தார். "விழா தள்ளிப்போகுது. கல்லு இங்கயே இருக்கட்டும்" என்றார். எப்போது விழா என்று கேட்டேன். "மேலிடத்துல சொல்லுவாங்க" என்றார். தேதியை வெட்டிவிட்டேனே, பெயின்ட் இல்லையே, துடைக்க முடியாதே என்றேன். முழுக் கல்லையும் தேய்த்து மறுபடி வெட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே போய்விட்டார். உட்காரக்கூட இல்லை.

அக்கா, நீ சொன்னதுதான் சரி. ஊரில் எல்லோரும் பயந்தபோது நான்தான் பெரிய மேதாவி மாதிரி தேதி, கல் என்று உன்னிடம் வாதாடினேன். கல்லில் வெட்டியதே இப்படி ஆனால், லென்ஸ் இருக்கிறது என்று வாயால் சொன்னது என்ன ஆகும்? நடுவில் மூடிவிட்டால்? ஒரு கண்ணைத் திறந்து வைத்துவிட்டு டாக்டரை மாற்றிவிட்டால்? அவர் போனதிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

இங்கே வந்துவிடு. இங்கே நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசாதே. என் பெண்ணே சொல்கிறாள், "அத்தையை வரச் சொல்லுப்பா, நான் ஒரு வருஷம் கழிச்சுப் படிச்சா குடியா முழுகிடும்?" என்று.

இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

தம்பி


மே 14

உளிக்கு,

இதை நானே எழுதுகிறேன். வரி நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் எழுதி நீ படிக்க வேண்டும் என்று ஆசை. அதனால்தான் "அக்கா சுகம், கடுதாசி வரும்" என்று மட்டும் மருந்துக்கடை அண்ணனை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் அதை இழவு செய்தி மாதிரிச் சொன்னாராம், உன் வீட்டில் ஒரே அழுகையாம். எழுதத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பேசத் தெரியவில்லை, மன்னித்துவிடு.

உன் கடைசிக் கடிதம் வந்தபோது நான் வலது கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தேன். அன்று காலையில்தான் முடித்திருந்தார்கள். அண்ணன் கடிதத்தைப் பிரித்துவிட்டு, "படிக்கவா, வேணாமா?" என்றார். படிங்க என்றேன். "போகாதே" என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து, "சிரிக்கக் கூடாது, தலை ஆடக் கூடாது" என்று திட்டினாள். உன் பயத்தைக் கேட்டுச் சிரித்தது தப்புதான். ஆனால் அதில் பாதி சந்தோஷமடா. எனக்காகப் பயப்பட ஓர் ஆள் இருக்கிறான் என்று கட்டுக்குள் அழுதும்விட்டேன். அதற்கும் திட்டினாள்.

எப்படிப் போனேன் என்கிறாயா? நம்பிப் போனேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. லென்ஸ் பெட்டி பாதி காலியாகிவிட்டது என்று எதிர்வீட்டுப் பெண் வந்து சொன்னாள். நாளைக்கு இருக்காது, இந்தக் கூட்டத்தை நம்ப முடியாது, இன்றைக்கே போய்விடுவோம் என்று கிளம்பிவிட்டேன். திரை வேறு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே படுக்கவைத்துச் சொட்டு மருந்து போட்டார்கள். டாக்டரம்மா அம்மாவின் இடுப்பைப் பற்றிக் கேட்டாள். அந்த நீல அட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கவுண்டர்க்காரனைத் திட்டி முடிப்பதற்குள் "முடிஞ்சுதும்மா" என்றாள். வெளியே வரும்போது எவ்வளவு என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "ஒரு திரை" என்றாள்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கு மே ஒன்று. உன் கல்லில் இருக்கும் தேதி தப்பில்லை.

முதலில் கண்ணில் பட்டது அந்தத் திரை. ஐயோ தம்பி! பஞ்சர் அண்ணன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். அத்தோடு பூப்போட்ட துணியைத் தலைகீழாக வேறு வைத்துத் தைத்திருக்கிறேன், பூவெல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் எப்படிச் சிரிக்காமல் வைத்தியம் செய்தாள்! பத்து நாள் குனியக் கூடாது, தைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டாள். முந்தாநாள்தான் உத்தரவு கிடைத்தது. பிரித்துத் தைத்து மாட்டிவிட்டேன். நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. நாற்காலிக்கும் ஓர் உறை தைத்துப் போட்டேன். பிளாஸ்டிக்கை நானே கிழித்தேன். உள்ளே மெத்தை அமுங்கித்தான் இருந்தது. கூட்டம் வந்த பிறகு அவளை உட்கார வைத்துவிட்டார்கள்.

விழா நடக்கவில்லை என்று வருத்தப்படாதே. நடந்திருந்தால் அன்றைக்குப் பந்தல், ரிப்பன், கூட்டம் என்று எங்கள் ஒருவரையும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் சொல்லமாட்டேன். எக்ஸ்ரே மெஷின் வந்த பெட்டியிலேயே இருக்கிறது, இயக்க ஆள் இல்லை. காதுக்கு விடும் மருந்து தீர்ந்துபோய் ஒரு வாரம் வரவில்லை. ஊரே போய் டாக்டரம்மாவோடு சண்டை போட்டது. பஞ்சர் அண்ணன்தான் முன்னால் நின்று, "எங்க ஆஸ்பத்திரில மருந்து இல்லாம எப்படி?" என்று கத்தினார். எங்க ஆஸ்பத்திரியாம்! பில்லுக்குப் பயந்து தபால்காரரிடம் ஒளிந்தவர். மருந்து வந்துவிட்டது. மருந்துக்கடை அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதாம். காலையில் கடையை மூடிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் காட்டிக்கொள்வதில்லை.

இப்போது உன் வருத்தத்துக்கு வருகிறேன். நேற்றுப் பஞ்சர் அண்ணனைக் கடப்பாரையோடு கூப்பிட்டு, துவைக்கிற கல்லைப் புரட்டச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நீ வைத்த தங்க வண்ணம் அப்படியே இருக்கிறது. உன் எழுத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை தம்பி. அந்தக் காலத்திலேயே எனக்குக் கிட்டத்தில் பார்வை மங்கல், தையலைக் கைப்பழக்கத்தில் ஓட்டினேன், வெளியே சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் என்ன நேர்! நூல் கட்டி வெட்டினாயா, கண்ணாலேயே வெட்டினாயா? தையல்காரி சொல்கிறேன், அப்படி ஒரு நேர்கோடு என் மெஷினுக்கும் வராது. இது தெரிந்துதான் அதைக் குப்புறப் போட்டேன் என்று பெருமையடிக்க மாட்டேன். சோப்பு பட்டால் உன் வண்ணம் போய்விடுமே என்றுதான் போட்டேன். மருந்துக்கடைப் படியைக் குப்புறப் போட வைத்ததும் நான்தான், மிதிபடக் கூடாது என்று சண்டை போட்டேன். அதில் எழுதியிருப்பது பொய்யாக இருக்கலாம். எழுதியது என் தம்பி.

அதனால் இந்தப் புதுக் கல்லின் முகத்தைத் தேய்த்துவிடாதே. மேலிடம் கேட்டால் வேறு கல் வெட்டிக் கொடு. இதை இங்கே கொண்டு வா. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறவர்களுக்கு உட்கார இடமில்லை, வெயிலில் நிற்கிறார்கள். முதலில் அதை உட்காரப் போடலாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம். வாசல் சுவரில் நிற்க வைப்போம். உட்காருவதற்கு பஸ் நிலையத்தில் கிடக்கும் பழைய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம், அதற்கு ஆள் பேசியாயிற்று.

வரும்போது அந்தச் சட்டையைக் கொண்டு வா. ஒரு பக்கக் காஜாவை மூடிவிட்டுப் பட்டன் வைத்துத் தருகிறேன். உன் பெண்ணையும் கூட்டி வா, "ஒரு வருஷம் கழிச்சு" என்று சொன்ன வாயை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது பெட்டி லென்ஸ் வந்துவிடுமாம். அதுவும் இலவசம்தானாம். நான் நம்பவில்லை. அதனால் வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்கப் போகிறேன்.

அக்கா